பிரிட்டனில் மொபைல் கேசினோ: போட்ட பணம் எந்த வழியில் வெளியே வரும்? கேள்வி பதில்

லண்டனில் ஓர் ஆன்லைன் கேசினோவின் பேமென்ட்ஸ் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பணம் எடுக்கக் கேட்டு வருகிறவர்களின் கணக்கைத் திறந்து பார்த்து, அனுப்புவதா நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்வதுதான் என் வேலை. டெபாசிட் போட முடியவில்லை என்று வந்த புகார் குறைவு. சண்டையெல்லாம் எடுப்பதில்தான். அதனால் நீங்கள் எதைக் கேட்டாலும் நான் அந்தக் கோடியிலிருந்துதான் பார்ப்பேன். கீழே சொல்லும் விதிகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கானவை. வட அயர்லாந்துக்குச் சட்டம் வேறு.

லெஸ்டர், மாணவர்: அக்கா, இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் வந்தது. 400 சதவீதம் போனஸ், ஐடி எதுவும் வேண்டாம் என்கிறார்கள். ஆப் ப்ளே ஸ்டோரில் இல்லை, லிங்க் அனுப்பி இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தின் அடியில் லைசென்ஸ் எண் இருக்கிறது. நம்பலாமா?

தம்பி, "ஐடி வேண்டாம்" என்ற சொல்லே போதும். பெயர், முகவரி, பிறந்த தேதியைச் சரிபார்க்காமல் யாரையும் விளையாட விடக்கூடாது என்பது 2019 மே 7 முதல் இங்கே விதி. இலவச டெமோ ஆட்டத்துக்கே வயதைச் சரிபார்த்தாக வேண்டும். கம்பெனி ஜிப்ரால்டரில் இருக்கலாம், மால்டாவில் இருக்கலாம். பிரிட்டனில் இருப்பவரிடம் பணம் வாங்கினால் இங்கே சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்பான கேம்ப்ளிங் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது.

எண் இருப்பது ஒரு பொருட்டில்லை, யாரும் எந்த எண்ணையும் ஒட்டலாம். அந்தப் பக்கத்தில் இருக்கும் லிங்கைத் தொடாதீர்கள். கமிஷனின் தளத்துக்கு நீங்களாகவே போய், பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். கம்பெனியின் பெயருக்குக் கீழே அது நடத்தும் இணைய முகவரிகளும் இருக்கும். உங்கள் போனில் இருக்கும் முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

ஹாரோ, இல்லத்தரசி: அக்கா, நான் என்ர அவரின்ர டெபிட் கார்டில 50 பவுண்ஸ் போட்டு விளையாடினன். 640 வந்தது. இப்ப காசு எடுக்க விடுறாங்கள் இல்லை. கார்டு ஆற்ற எண்டு கேக்கினம். அவருக்குத் தெரிஞ்சுதான் போட்டனான். என்ன செய்யிறது?

என் மேசைக்கு அதிகமாக வந்த வழக்கு இதுதான். வீட்டில் ஒரே பணம் என்று நாம் நினைக்கிறோம். கேசினோவுக்கு அது மூன்றாம் ஆளின் கார்டு. திருட்டுக் கார்டில் போட்டு வெள்ளைப் பணமாக எடுத்துக்கொண்டு போகிறவர்களைத் தடுக்கத்தான் கணக்கின் பெயரும் கார்டின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வந்த வழியிலேயே பணத்தைத் திருப்பி அனுப்புவதற்கும் காரணம் இதே.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு பேரின் அடையாள ஆவணம், அவர் சம்மதம் சொல்லும் கடிதம், நடு எண்களை மறைத்த கார்டின் படம் இவற்றை அனுப்புங்கள். ஜெயித்த தொகையைத் தருவார்களா என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் பொறுத்தது. போட்ட 50 திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் இப்படித்தான் மனைவியின் கார்டில் போட்டுவிட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பெயரை மாற்றி அனுப்பினார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் இருந்த வரி மட்டும் மற்ற வரிகளைவிட ஒரு நூல் மேலே நின்றது. மனைவி சம்மதித்துக் கொடுத்த கார்டுதான் அது. உண்மையைச் சொல்லியிருந்தால் டெபாசிட்டாவது திரும்பக் கிடைத்திருக்கும். திருத்தியதால் விஷயம் மோசடிப் பிரிவுக்குப் போய்விட்டது. அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஸ்லவ், டாக்ஸி ஓட்டுநர்: கார்டு, பேபால், ஆப்பிள் பே, போன் பில் என்று பத்து வழி காட்டுகிறான். எதில் போடுவது நல்லது?

கிரெடிட் கார்டு 2020 ஏப்ரல் 14 முதல் தடை. வாலட் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தாலும் தடைதான். கிரெடிட் கார்டை ஏற்கும் கேசினோ ஒன்றைப் பார்த்தால் அது லைசென்ஸ் இல்லாதது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

உங்கள் பெயரில் இருக்கும் டெபிட் கார்டோ பேபாலோ போதும், இரண்டிலும் பணம் அதே வழியில் திரும்பி வரும். ஆப்பிள் பே என்பது உள்ளே இருக்கும் டெபிட் கார்டுதான். போன் பில்லில் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த வழியில் பணம் உள்ளே மட்டும்தான் போகும், எடுக்க வேறு வழி காட்ட வேண்டும். மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் வலியும் தெரியும். ஸ்க்ரில், நெட்டெல்லர் என்ற ஆன்லைன் வாலட்டுகள் வேகமானவை, ஆனால் அவற்றில் போட்டால் வரவேற்பு போனஸ் கிடையாது என்று பல இடங்களில் நிபந்தனை இருக்கும்.

க்ராய்டன், ஐடி வேலை: மேடம், போனஸ் நிபந்தனையில் "வேஜரிங் 10 மடங்கு" என்று இருக்கிறது. முன்பு 35, 40 என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். கணக்கு எப்படி? போனஸ் லாபமா நஷ்டமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பணம் கரைகிற இடம் இது.

50 பவுண்டு போடுகிறீர்கள், 50 போனஸ் தருகிறார்கள். 35 மடங்கு என்றால் போனஸ் பணம் உங்கள் பணமாக மாற 1,750 பவுண்டுக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் (படங்கள் சுழலும் ஆட்டம்) என்றால் நூற்றுக்கு 4 பவுண்டு கேசினோவுக்கு. 1,750-க்குச் சராசரியாக 70 பவுண்டு போய்விடும். தந்தது 50, கறந்தது 70. இதனால்தான் 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்று கமிஷன் வரம்பு வைத்தது. இப்போது அதே 50-க்கு 500 பவுண்டு சுற்றினால் போதும், சராசரி இழப்பு 20. சராசரி என்பதை மறக்காதீர்கள், ஒரு ராத்திரியில் ஐம்பதும் போகலாம். ஸ்லாட்டும் விளையாட்டுப் பந்தயமும் இரண்டும் ஆடினால்தான் போனஸ் என்று கலந்து கட்டுவதையும் அதே விதி நிறுத்திவிட்டது.

மடங்கு குறைந்தாலும் பொடி எழுத்தில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, போனஸ் ஓடும்போது ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டலாம். ஒரே ஒரு சுற்றில் அதைத் தாண்டியதற்காக மொத்த வெற்றியையும் ரத்து செய்த கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, எந்த ஆட்டம் எவ்வளவு கணக்கில் சேரும். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் கட்டும் பவுண்டு பத்தில் ஒரு பங்காகவோ சுத்தமாகச் சேராமலோ போகலாம். மூன்று, எத்தனை நாளில் காலாவதி.

இன்னொன்று: போனஸ் வாங்கிவிட்டதால் நீங்கள் போட்ட சொந்தப் பணமும் சிறைப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்படிப் பூட்டி வைப்பது தவறு என்று போட்டி, சந்தைகள் ஆணையம் (சிஎம்ஏ) 2018-ல் பெரிய கம்பெனிகளிடமே உறுதி எழுதி வாங்கியது. போனஸை விட்டுக்கொடுத்தால் மிச்சமிருக்கும் டெபாசிட்டை எடுக்கலாம். எனக்குக் கேட்டால், பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு போனஸ் இல்லாமலே போடுங்கள். எடுக்கும்போது வாதாட ஒன்றும் இருக்காது.

மான்செஸ்டர், 22 வயது: என் ரூம்மேட் ஒரு ஸ்பின்னுக்கு 5 பவுண்டு வைக்கிறான். எனக்கு 2-க்கு மேல் ஏறவில்லை. ஆப் கோளாறா?

கோளாறு இல்லை. ஆன்லைன் ஸ்லாட்டில் 25 வயதும் அதற்கு மேலும் என்றால் 5 பவுண்டு, 18 முதல் 24 வரை 2 பவுண்டு. 2025 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அடுத்தடுத்து வந்த வரம்பு. ரூம்மேட்டின் கணக்கில் ஆடலாம் என்று யோசிக்காதீர்கள், ஹாரோ அக்காவின் கதைதான் நடக்கும்.

அந்த 2 பவுண்டைச் சின்னதாக நினைக்கவும் வேண்டாம். ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 விநாடி என்பது விதி. நிமிடத்துக்கு 24 சுற்று, மணிக்கு 1,440. இரண்டிரண்டாக 2,880 பவுண்டு கை மாறும். நூற்றுக்கு நாலு என்றால் மணிக்கு 115 பவுண்டு. பகுதிநேர வேலையில் அதைச் சம்பாதிக்க எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்?

ரெடிங்: 700 பவுண்டு எடுக்கக் கேட்டேன். மூன்று நாளாக "பெண்டிங்". இப்போது புதிதாகச் சம்பள ஸ்லிப் கேட்கிறார்கள். நடுவில் "விளையாட்டைத் தொடருங்கள்" என்று மெயில் வேறு.

முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் காரணமாகக் காட்டி இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்காக அப்போதுதான் கேட்க வேண்டிய நிலை வந்தால் கேட்கலாம். எந்தக் காரணத்துக்காகக் கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், ஸ்லிப்பைக் கொடுத்துவிடுங்கள். விஷயம் நகர வேண்டுமானால் முறையான புகார் என்று தலைப்பிட்டே எழுதுங்கள். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால், அல்லது வந்த முடிவு திருப்தி இல்லாவிட்டால், ஐபாஸ் போன்ற, தகராறு தீர்க்கும் மூன்றாம் தரப்பிடம் போகலாம், உங்களுக்குச் செலவில்லை. எந்த அமைப்பு என்று கேசினோவின் நிபந்தனையிலேயே இருக்கும். கமிஷன் தனிநபரின் பணத்தகராறைத் தீர்த்து வைப்பதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து வாரங்களை வீணாக்காதீர்கள்.

எடுக்கக் கேட்ட பணத்தை ரத்து செய்து திரும்ப ஆட வைக்கும் பட்டனுக்கு 2021 அக்டோபர் 31 முதல் தடை. அப்படி ஒரு பட்டன் தெரிந்தால் படம் எடுத்துப் புகாரோடு சேருங்கள். கணக்கில் பெரிய தொகையை விட்டு வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று மூன்று தரம் இருக்கிறது, கடைசித் தரம் என்றால் பாதுகாப்பே இல்லை. லைசென்ஸ் இருந்தாலும் இது நடக்கலாம்.

வெம்ப்ளி: ஜெயித்த பணத்துக்கு வரி உண்டா? வீட்டுக்கடன் வாங்கப் போகிறேன், பாதிக்குமா?

ஆடுகிறவருக்கு வரி இல்லை, வரி கம்பெனிக்கு. 30 நாளில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் போட்டால், திவால், நீதிமன்றக் கடன் தீர்ப்பு போன்ற பொதுப் பதிவுகளைக் கேசினோ பார்க்கும். அது கிரெடிட் ஸ்கோரைத் தொடாது. ஆனால் கடன் தருகிறவர் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேட்பார், அதில் கேசினோ பெயர் வரிசையாக நின்றால் கண்ணில் படும்.

கோவைக்கு லீவில் போகிறவர்: அங்கிருந்து இதே ஆப்பில் ஆடலாமா?

வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்து இந்தியாவில் 2025-ல் சட்டம் வந்திருக்கிறது. விபிஎன் போட்டு ஆடினால் இங்கே கணக்கு முடங்கும் வாய்ப்பும் உண்டு. மிச்சத்தை எடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

ஈஸ்ட் ஹாம், இரவு ஷிஃப்ட்: அக்கா, பெயர் வேண்டாம். பிரேக்கில் ஆரம்பித்தது. இரண்டு மாதச் சீட்டுக் காசும் போய்விட்டது. சூதாட்டத் தளங்களிலிருந்து என்னை நானே விலக்கிக்கொள்ளும் கேம்ஸ்டாப் போட்டேன். அதில் சேராத சைட் என்று ஒருவன் லிங்க் அனுப்பினான், அதிலும் போய்விட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

எழுதினீர்களே, அதுவே பெரிது. கேம்ஸ்டாப் போட்டது சரியான காரியம். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று எடுத்த காலம் முடியும் வரை நீங்களே கேட்டாலும் திறக்காது. ஆனால் லைசென்ஸ் உள்ள தளங்களை மட்டும்தான் அது மூடும். "கேம்ஸ்டாப்பில் இல்லை" என்று விளம்பரம் செய்கிறவன் உங்களைப் போல நிறுத்த முயன்றவரைத் தேடித்தான் வருகிறான். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இன்றே இரண்டு பூட்டு போடுங்கள். பேங்க் ஆப்பில் சூதாட்டத் தடையைப் போடுங்கள். மொன்சோ பேங்கில் அதை எடுக்க நினைத்தால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிதான் மருந்து. கடையின் வகைக் குறியீட்டை வைத்துத்தான் இது கார்டைத் தடுக்கிறது. கள்ளத் தளங்கள் துணிக்கடை போலப் பெயர் காட்டித் தப்பும். அதனால் போனில் கேம்பான் செயலியையும் போடுங்கள், அது தளத்தையே திறக்க விடாது.

தேசிய உதவி எண் 0808 8020 133, கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் ஷிஃப்ட் பிரேக்கிலும் எடுப்பார்கள். இங்கிலாந்தில் என்எச்எஸ் சூதாட்டச் சிகிச்சை மையங்கள் 15 இருக்கின்றன. சீட்டு நடத்துகிறவரிடம் அடுத்த தவணைக்கு முன்பே போய்ப் பேசுங்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று திணறினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

லெஸ்டர், மாணவர் (மறுபடியும்): அக்கா, தேடினேன். அந்த எண் வேறொரு கம்பெனியுடையது. முகவரிப் பட்டியலில் இது இல்லை. ஆனால் நேற்றிரவே 20 பவுண்டு போட்டுவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. இப்போது 380 இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்க 60 பவுண்டு "வெரிஃபிகேஷன் கட்டணம்" கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். உங்கள் பணத்தை உங்களுக்குத் தர லைசென்ஸ் உள்ள எந்தக் கேசினோவும் முன்பணம் கேட்காது. அந்த 380 திரையில் எழுதிய எண், அவ்வளவுதான். 60 கட்டினால் அடுத்து "வரி" என்று 100 கேட்பார்கள்.

முதலில் பேங்க் ஆப்பில் கார்டை ஃப்ரீஸ் செய்யுங்கள். பிறகு 159-க்கு அழையுங்கள், பெரிய பேங்குகளுக்கெல்லாம் அது நேராக இணைக்கும். நடந்ததைச் சொல்லிப் புதுக் கார்டு கேளுங்கள். விளம்பரம், 380 காட்டும் திரை, 60 கேட்ட மெசேஜ் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு ஆப்பை அழியுங்கள், அதில் போட்ட பாஸ்வேர்டு வேறு எங்காவது இருந்தால் மாற்றுங்கள். பாஸ்போர்ட் படம் ஏதாவது அனுப்பினீர்களா? அதை மட்டும் உடனே சொல்லுங்கள் தம்பி.