எழுபது மெயில் போட்டும் பதில் இல்லையே!

கேள்வி: சார், எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டேன். வெளிநாட்டுல ஸ்டைபெண்டோட (மாச உதவித்தொகையோட) பிஎச்டி பண்ணணும்னு ஆசை, கைக்காசு போட்டுப் படிக்க வசதி இல்ல. இதுவரைக்கும் எழுபது புரொஃபசருக்கு மெயில் போட்டாச்சு, ரெண்டு பேர்தான் பதில் போட்டாங்க, அதுவும் இடம் இல்லன்னு. எங்க தப்பு பண்றேன்?

பதில்: கோச்சுக்காதீங்க தம்பி, எழுபது பேருக்கும் போனது ஒரே மெயில்தானே? 'உங்க ஆராய்ச்சில எனக்கு ரொம்ப ஆர்வம்'னு ஆரம்பிக்கிற மெயிலை அவங்க ரெண்டாவது வரிக்கு மேல படிக்கிறதே இல்ல.

அதைவிடப் பெரிய விஷயம், காசு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாக்காமலே கதவைத் தட்டிட்டு இருக்கீங்க. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே பக்கமெல்லாம் பிஎச்டிங்கிறது பெரும்பாலும் ஒரு வேலை, காண்ட்ராக்ட் போட்டு மாசச் சம்பளம் தருவாங்க, வேலைக்கு விளம்பரம் வர்ற மாதிரியே இதுக்கும் வரும், யூராக்ஸெஸ், ஃபைண்ட்-எ-பிஎச்டி மாதிரி சைட்ல வாராவாரம் பாத்தாலே நிறைய மாட்டும். அமெரிக்கால கதையே வேற, அங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், நிறைய இடத்துல டிசம்பர்லயே கடைசித் தேதி முடிஞ்சிடும், சீட் கிடைச்சா பாடம் எடுக்கிற வேலையோ ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலையோ கொடுத்து அதுலயே ஃபீஸும் கழிஞ்சிடும், ஸ்டைபெண்டும் வந்துடும்.

விளம்பரத்துல 'ஃபண்டட்'னு பாத்ததும் துள்ளிடாதீங்க, கீழ பொடி எழுத்துல இருக்கிறதையும் படிங்க. காசு கையில இருக்கிற புராஜெக்ட் ஒரு வகை, 'போட்டில ஜெயிச்சா காசு'ன்னு இன்னொரு வகை, 'செல்ஃப் ஃபண்டட்'னா உங்க பாக்கெட்தான். பிரிட்டன்ல சிலதுல உள்ளூர் மாணவனோட ஃபீஸ் அளவுக்குத்தான் தருவாங்க, மிச்சத்தை வெளிநாட்டுக்காரர் தலைல கட்டிடுவாங்க. ஐரோப்பிய யூனியன் காசு தர்ற மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்னு ஒரு பிஎச்டி திட்டம் இருக்கு, நல்ல காசுதான், ஆனா வேலைக்கு எடுக்கிற தேதிக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல, உங்களை எடுக்கிற நாட்டுல வேலையோ படிப்போ பண்ணிட்டு இருந்திருக்கக் கூடாது. அங்கயே போய் மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு அதே நாட்டுல இதுக்கு அப்ளை பண்ணி, அப்புறம் ரூலைப் படிச்சிட்டு தலைல கைவச்சு உக்காந்தவங்க உண்டு.

இனிமே அஞ்சு பேருக்கு மட்டும் எழுதுங்க. அவங்களோட சமீபத்துப் பேப்பர் ஒண்ணை எடுத்து, கிட்ஹப்ல கோட் போட்டிருந்தா இறக்கி ஓட்டிப் பாருங்க, எங்கயாவது முட்டிக்கும். 'மூணாவது டேபிள்ல இருக்கிற ரிசல்ட் எனக்கு சின்ன டேட்டாசெட்ல வரல, நான் இப்படி மாத்திப் பாத்தேன்'னு நாலு வரி எழுதுங்க, சப்ஜெக்ட் லைன்லயே புராஜெக்ட் பேரைப் போடுங்க, மார்க் ஷீட்டெல்லாம் கேட்டா அனுப்பினா போதும்.

இடம் கிடைச்சதும் உடனே கையெழுத்துப் போட்டுடாதீங்க. அந்த லேப்ல இப்ப படிக்கிற ஒருத்தரைப் புடிச்சு, காசு எத்தனை வருஷத்துக்கு, தீசிஸ் இழுத்துட்டா அதுக்கப்புறம் யார் தருவாங்க, கைடு மெயிலுக்கு எத்தனை நாள்ல பதில் போடுவார்னு கேளுங்க. அவர் பதில் சொல்ல ரொம்ப யோசிச்சார்னா அடுத்த லேபைப் பாருங்க.