வைட்டமின் இ: கேட்டதும் சொன்னதும்

(ரங்கூனில் மருந்துக்கடை நடத்தும் ஓர் அக்காவிடம் நம்மவர்கள் கேட்டவை)

ரங்கூனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ரத்தத்தில் ஓடும் கொழுப்பு துருப்பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?

துரு என்பதைவிடக் காறல் என்று சொல்லு தம்பி, பொருந்தும். லபெட்டுக்கு (பர்மாவின் ஊறவைத்த தேயிலைக் கலவை) வறுத்த கடலையை மூடாமல் வைத்தால் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேலைதான் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் எல்.டி.எல் துகளிலும் நடக்கிறது. அதுவும் ஓடும் ரத்தத்தில் குறைவு, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிய பிறகுதான் அதிகம். கெட்டுப்போன கொழுப்பு அமிலம் ஒன்று பக்கத்தில் இருப்பதிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். ஓலைக் கொட்டகை வரிசையில் தீ தாவுகிற மாதிரி. வைட்டமின் இ தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்து அந்தத் தொடரை அறுக்கிறது. ஒரு துகளில் இப்படிக் காறக்கூடிய கொழுப்பு அமிலங்கள் ஆயிரத்துக்கு மேல். காவலுக்கு இருக்கும் ஆல்ஃபா டோகோஃபெரால், அதாவது வைட்டமின் இயின் முக்கிய வகை, சுமார் ஆறு மூலக்கூறுதான்!

பெகுவிலிருந்து ஒரு அண்ணன்: ஆறை வைத்துக்கொண்டு எப்படிம்மா சமாளிக்கிறது?

வைட்டமின் சி கைகொடுக்கிறது அண்ணே. ஹைட்ரஜனை இழந்து நிற்கும் வைட்டமின் இயை அது மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தத் துணை இல்லாவிட்டால் வைட்டமின் இயே காறலை உள்ளே கடத்திவிடவும் கூடும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

மோல்மீனிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து போனது. 400 யூனிட் வைட்டமின் இ மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டுமா?

வேண்டாம்மா. ஒரு காலத்தில் நானே அட்டை அட்டையாக விற்றவள், அதனால் சொல்கிறேன். 1996இல் கேம்பிரிட்ஜில் சுமார் 2,000 இதய நோயாளிகளிடம் செய்த ஆய்வில், உயிர் போகாத மாரடைப்புகள் குறைந்தன. எல்லாரும் துள்ளினோம். 2000இல் வந்த ஹோப் ஆய்வில், 9,500க்கு மேற்பட்டவர்களுக்கு நாலரை வருடம் தினம் 400 யூனிட் கொடுத்தும் பலன் இல்லை. 2002இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த ஆய்வில், 600 மில்லிகிராமோடு வைட்டமின் சியும் பீட்டா கரோட்டினும் சேர்த்தே கொடுத்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் இ ஏறக்குறைய இரட்டிப்பானது, மாரடைப்பு மட்டும் குறையவில்லை. சோதனைக்குழாயில் காறலைத் தடுப்பது வேறு, அடைபட்ட குழாயைக் காப்பது வேறு. 2011இல் வந்த செலக்ட் ஆய்வில், வைட்டமின் இ மட்டும் தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறாரா? அப்படியானால் இன்னும் ஆபத்து, ரத்தக் கசிவு வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் தவறாமல் கொடு.

மண்டலேயிலிருந்து ஒரு அக்கா: அப்போ எந்த எண்ணெய் நல்லது?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் வைட்டமின் இ போதும் அக்கா. சூரியகாந்தி எண்ணெய் 100 கிராமில் சுமார் 41 மில்லிகிராம் உண்டு, ஆனால் சீக்கிரம் காறும் கொழுப்பும் அதில்தான் ஏராளம். கடலை எண்ணெயில் 15 சொச்சம். மகுவே பக்கத்து நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை, நம் கல்லீரல் ஆல்ஃபாவைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் எள்ளுக்கே உரிய வேறு பொருள்கள் அந்த எண்ணெயைக் காறவிடாமல் காக்கின்றன. கடலை, நல்லெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள், சின்னப் போத்தலாக வாங்குங்கள்.

அதே அக்கா: வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்திருக்கிறேனே?

எத்தனையாவது தடவை அக்கா? சூட்டில் முதலில் போவதே அந்த வைட்டமின்தான். கறுத்து நுரை கட்டினால் கொட்டிவிடுங்கள்.