பட்டறை பதில்கள்: புள்ளி வைக்க மறந்தவன்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேலையைப் பற்றியவை. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு ஐ.டி.யைக் கொண்டுவந்தது கலைஞரா, ஜெயலலிதாவா? என் மாமனாருக்கும் கணவருக்கும் தினமும் இதே சண்டை. தீர்ப்பு சொல்லுங்கள்.
வாசகி, ஆவடி

டைடல் பார்க்கை வைத்துச் சண்டை என்றால், வீட்டில் யார் கலைஞர் பக்கமோ அவருக்கு ஒரு பாயிண்ட். மாநிலத்துக்கென்று ஐ.டி. கொள்கை வந்தது 1997-ல். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில். திறந்து வைத்தவர் பிரதமர் வாஜ்பாய். மாநில அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியதால்தான் டைடல் என்று பெயர். அந்த எல்காட் டைடலுக்கு வெகு முன்பே, 1977-லிருந்தே இருக்கிறது என்பதை எதிர்ப்பக்கத்தவர் ஞாபகப்படுத்தலாம். கார் என்றால் ஃபோர்டைக் கூட்டிவந்தது ஜெயலலிதாவின் முதல் ஆட்சி. ஹூண்டாய்க்கு 1996 டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியவர் கருணாநிதி.

ஆனால் கட்டடம் கட்டினால் போதுமா, உள்ளே உட்கார ஆள் வேண்டாமா? எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1980களின் நடுவில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். "கல்வியை விற்கிறார்கள்" என்று நானே கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். விற்கத்தான் செய்தார்கள். அதே கல்லூரிகளில் படித்த பிள்ளைகள்தான் பிறகு அந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவைப் பள்ளிக்கூடம் வரை இழுத்து வந்தது காமராஜர் போட்ட மதியச் சாப்பாடு.

என்னைக் கேட்டால், முந்தைய ஆட்சி கூட்டிவந்த கம்பெனியைத் துரத்தாமல் விட்டதற்காகவே இருவருக்கும் ஒரு கும்பிடு போடலாம். புதிதாகக் கட்டிய தலைமைச் செயலகத்தையே ஆஸ்பத்திரி ஆக்கிய ஊர் இது. கார் கம்பெனியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை வேறு பக்கம் திரும்பும்.

பின்னி மில் 1996-ல் மூடியது. நாலே வருடத்தில் டைடல் பார்க் வந்தது. போனதற்கு வந்தது சரியாகிவிட்டது என்கிறான் என் மகன். அப்படியா?
வாசகர், பெரம்பூர்

கணக்கு நோட்டில் சரிதான். ஆளைப் பார்த்தால் இல்லை.

என் சித்தப்பா வேறொரு ஆலையில் ஸ்பின்னிங்கில் இருந்தார். பெயர் வேண்டாம், அது முடிந்த கதை. 1998-ல் ஆலையை மூடியபோது அவருக்கு வயது 46, படிப்பு எட்டாவது. செட்டில்மென்ட் பணம் தவணை தவணையாக வந்து, வந்த வேகத்தில் கடனுக்கே போனது. இரண்டு வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு அவரும் ஓர் ஐ.டி. கம்பெனியில்தான் சேர்ந்தார். கேட்டில். நீலச் சட்டை, விசில், ஒரு பெரிய ரிஜிஸ்டர். வருகிறவர்களின் லேப்டாப் நம்பரை எழுதி, போகும்போது சரிபார்த்து அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. நூல் அறுந்தால் கண்ணால் பார்க்காமலே விரலால் முடிச்சுப் போடுகிற மனிதர், ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.

அவர் மகள் பி.இ. முடித்து, அதே மாதிரி ஒரு கேட்டுக்குள் 2010-ல் போனாள். உங்கள் மகன் சொல்கிற "சரியாகிவிட்டது" எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம் குடும்பத்தை ஓட்டியது சித்தியின் தையல் மெஷின். எந்தத் தலைவர் பெயரும் அதில் ஒட்டியிருக்கவில்லை.

தலைவர்கள் மேல் எனக்கு இருக்கும் குறை இந்தப் பன்னிரண்டு வருடம்தான். புது வேலை வரவழைக்க எல்லாக் கட்சிக்கும் தெரிந்திருக்கிறது. பழைய வேலை போனவனைக் கூட்டிப்போய் அங்கே விட வழி செய்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. இப்போது டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 71 அரசு ஐடிஐகளில், அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களில், ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் மெஷின்) என்று புதிய மையங்கள் வந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஐடிஐயில் சேர ஆண்களுக்கு 40 வயதுதான் வரம்பு. சித்தப்பா 46 வயதில் அந்த வாசலுக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பெண்களுக்கு அந்த உச்ச வரம்பு இல்லை. சித்தி வேண்டுமானால் போயிருக்கலாம்.

டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம். எல்லோரும் சாஃப்ட்வேர் பக்கம் போகச் சொல்கிறார்கள். ஏ.ஐ. வந்தால் அதுவும் போய்விடும் என்கிறார்கள். என்ன செய்ய?
மாணவர், ஓசூர்

தம்பி, 2003-ல் எங்கள் பட்டறை முதலாளி இரண்டு சிஎன்சி மெஷின் வாங்கினார். எனக்கு அப்போது 43 வயது, லேத்தில் 24 வருட அனுபவம். "அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார் சூப்பர்வைசர். அந்த ஒரு வார்த்தைக்காகவே கற்றுக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே மானம் போனது. 60 மில்லிமீட்டர் தண்டை 50-க்குக் கடைய வேண்டும். எக்ஸ் என்றால் விட்டம்; எக்ஸ் 50 என்று அடித்துவிட்டுப் புள்ளி வைக்க மறந்துவிட்டேன். எங்கள் மெஷினின் கண்ட்ரோலில் புள்ளி இல்லாவிட்டால் அது 50 மில்லிமீட்டர் இல்லை, 50 மைக்ரான். தலைமுடி கனம்கூட இருக்காது. டூல் நேராகத் தண்டின் நடுவுக்குப் பாய்ந்தது. டூல் நுனியில் வெட்டுகிற துண்டான இன்சர்ட் தூள். சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான். இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்புறம் உன்னைப் போல டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் மெஷினுக்குக் கட்டளை எழுதுகிற ஜி கோடு எல்லாம் சொல்லிக் கொடுத்தான். பதிலுக்கு நான் அவனுக்குச் சத்தம் சொல்லிக் கொடுத்தேன். டூல் மழுங்கும்போது ஒரு சத்தம், தண்டு அதிரும்போது வேறு சத்தம். அது எந்தப் புரோகிராமிலும் எழுதியிருக்காது. அவன் இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாக மூன்று மெஷின் போட்டிருக்கிறான். நான் 2018-ல் ஓய்வு பெறும் வரை அந்த சிஎன்சியில்தான் இருந்தேன். மெக்கானிக்கலை விடாதே, புரோகிராமையும் சேர்த்துப் படி. ஏ.ஐ. என்ன செய்யும் என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. புள்ளியை மட்டும் மறக்காதே.

இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை என்று மந்திரிகள் அறிவிக்கிறார்களே, நம்பலாமா?
வாசகர், காஞ்சிபுரம்

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவது நிச்சயதார்த்தம் மாதிரி. தாலி கட்டிய பிறகு எண்ணுங்கள். எண்ணும்போதும் இரண்டைத் தனியாகக் கேளுங்கள்: நிரந்தரம் எத்தனை பேர், காண்ட்ராக்ட் எத்தனை பேர்? நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கியபோது எல்லா மேடையிலும் அதே பேச்சு. 2014-ல் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கால் சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. அந்த நவம்பரில் உற்பத்தி நின்றது. நானும் ஒரு கூட்டத்தில் எழுந்து இந்தக் காண்ட்ராக்ட் கேள்வியைக் கேட்டேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? வைத்தால் வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
வாசகி, துரைப்பாக்கம்

இடம் கொடுக்கிறது. ஐ.டி. கம்பெனிகளுக்குத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 2016-ல் தமிழக அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. பயம் இருக்கத்தான் செய்யும். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மில் தொழிலாளிகள் மதராஸ் லேபர் யூனியனைத் தொடங்கியபோது இந்தியாவில் பார்த்துக்கொள்ள முன்மாதிரி அநேகமாக இல்லை. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடனிருந்தார். உங்களுக்கு நூறு வருட முன்மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம். உறுப்பினர் படிவம் அச்சடிக்கும்போது கேட்டில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து அச்சடியுங்கள். உங்களில் யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்ற கணக்கு அவர்கள் ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது.