ஏலத்தோட்டத்து இரவுப் பாதைக்கு எந்த டார்ச் லைட்?

கேள்வி: வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கம்பம். காய் எடுப்புக் காலத்தில் பாதி ராத்திரி ஸ்டோரில்தான் கழியும். நாங்கள் தங்கும் லயத்திலிருந்து அங்கே போகப் பத்து நிமிட ஒற்றையடிப் பாதை. மழை, மூடுபனி, அட்டை, சமயத்தில் பாம்பு. இப்போதைக்கு போன் வெளிச்சத்தில் சமாளிக்கிறேன். பின்னால் பிளக் முள் வைத்த சார்ஜ் லைட் ஒன்று வாங்கினேன், ஒரு வருஷத்தில் செத்துவிட்டது. ஆன்லைனில் 499 ரூபாய்க்கு 10,000 லூமென் லைட் வருகிறது, வாங்கலாமா? சட்டைப் பையில் அடங்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது.

பதில்: அந்த 10,000 லூமென் லைட் வேண்டாம். ஒரே ஒரு பென்சில் செல் (ஏஏ அளவு) போடுகிற அலுமினிய டார்ச் வாங்குங்கள். அதிகபட்ச வெளிச்சம் 100 முதல் 200 லூமென் போதும். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க இரண்டு மூன்று அளவுகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டப்பனையிலோ கம்பத்திலோ கடைக்காரர் வேறு எதையாவது எடுத்து நீட்டினால் நீங்களே முடிவு செய்யத் தோதாக, காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 10,000. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 லூமென் தரும். அந்தக் கணக்கில் 10,000 லூமெனுக்கு 70 முதல் 100 வாட் வேண்டும். இப்படி விற்கப்படும் கையடக்க லைட்டுக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற ஒற்றை லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்த எண். மிக நல்ல கம்பெனியின் 18650 செல்கூட 3,500 மில்லி ஆம்பியர்-மணியைச் சுற்றித்தான் நிற்கும், அதாவது 12 வாட்-மணி சொச்சம். அதிலிருந்து 70, 100 வாட் உறிஞ்சினால் பத்து நிமிடத்தில் காலி. அதற்கும் முன்பே கையில் பிடிக்க முடியாத சூடு வந்துவிடும். ஆகவே அந்த விலையில் அந்த எண் உண்மையாக இருக்க வழியே இல்லை. செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தாலும் அதே கதைதான். உண்மையான 18650 செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். காய் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள், 30 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம்.

பெட்டியில் உள்ள எண்களில் எதை நம்பலாம்? டார்ச் லைட்டுகளுக்கென்று ஆன்சி எஃப்எல் 1 என்று ஓர் அமெரிக்க அளவுமுறை 2009 முதல் இருக்கிறது. ஒழுங்கான கம்பெனிகள் அதன்படி அளந்து, சின்னச் சின்னப் படங்களோடு அட்டையில் போடுகின்றன. அதிலும் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். 'எரியும் நேரம் 5 மணி' என்றால் ஐந்து மணி நேரமும் முழு வெளிச்சம் என்று பொருள் இல்லை, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகிற நேரம் அது. 'தூரம் 100 மீட்டர்' என்றால் நூறு மீட்டரில் முழு நிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி விழும் என்று பொருள், அங்கே நிற்பது மாடா மனிதரா என்று தெரியும் என்பதில்லை. உபயோகப்படும் தூரம் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், மழையில் இன்னும் குறைவு.

உங்கள் பாதைக்குத் தூரம் பெரிய விஷயமே இல்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே வளைந்து போகிற ஒற்றையடிப் பாதையில் இருபது மீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சின்னக்கானல், சாந்தன்பாறை பக்கம் வேலை என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே யானை நடமாட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, மே மாதமே உங்கள் கம்பம் ஊருக்குள் நடந்து வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி இடத்தில் ஒளி குறுகித் தூரமாகப் பாய்கிற பெரிய லைட் வேண்டும், தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காக. யானையின் முகத்தில் அடித்து விரட்டுவதற்கு இல்லை. அப்படிச் செய்து உயிரை விடாதீர்கள்.

சரி, மூடுபனி. அதிக வெளிச்சம் இருந்தால் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பனியிலும் சாரலிலும் உள்ள நுண்துளிகள் ஒவ்வொன்றும் ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அடிக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். இதற்கு இரண்டு வழி. வெளிச்சத்தைக் குறையுங்கள், 30 முதல் 50 லூமென் போதும். அப்புறம், லைட்டைத் தோள் உயரத்திலோ முகத்தருகிலோ பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே பிடித்து, காலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டரில் தரையில் அடியுங்கள். ஒளி போகும் பாதையும் கண் பார்க்கும் பாதையும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு எதிரொளி குறையும். தலையில் கட்டுகிற ஹெட் லைட் பனியில் மோசமாகத் தோன்றுவது இதனால்தான்.

தாழ்வாகப் பிடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சாய்ந்து விழும் ஒளியில் தரையில் கிடக்கும் எதற்கும் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் சருகு எது, சுருண்டு கிடக்கும் பாம்பு எது என்று பிரிந்து தெரியும். நம் மலைத்தோட்டங்களில் குழிவிரியன் வகைப் பாம்புகள் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்காகச் செய்யப்படுவது. குழிவிரியனுக்கு அதை நம்ப முடியாது. ஆகவே மிதிக்காமல் இருப்பதுதான் வைத்தியம். ரப்பர் பூட்ஸும் தரையில் விழும் ஒளியும் சேர்ந்து அதைச் செய்யும்.

ஒளியின் நிறத்தையும் பாருங்கள். மலிவு லைட்டுகள் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை, 6,500 கெல்வின் அல்லது அதற்கு மேல். அதில் பழுப்புச் சருகும் பழுப்புப் பாம்பும் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான இயல்பு வெள்ளை உங்களுக்குப் பொருத்தம். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண் போட்டிருந்தால் 80க்கு மேல் பாருங்கள், 90 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஸ்டோர் வேலைக்கு இது ரொம்ப முக்கியம். காயின் பச்சை நிறத்தை வைத்துத்தானே விலை? நீல வெளிச்சத்தில் வெளிறிய காயும் நல்ல பச்சைக் காயும் ஒன்றாகவே தெரியும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு காய் கொண்டுபோங்கள், ஒன்று நல்ல பச்சை, ஒன்று மஞ்சள் தட்டியது. கடையின் இருட்டு மூலையில் வைத்து அடித்துப் பார்த்தால் எந்த அட்டையும் சொல்லாததை அது சொல்லிவிடும். காய் இல்லாவிட்டால் உள்ளங்கையில் அடியுங்கள். தோலின் சிவப்பு தெரிந்தால் நல்ல லைட், பிணம் மாதிரி வெளிறினால் வைத்துவிடுங்கள்.

இனி பேட்டரி. உங்கள் பழைய சார்ஜ் லைட் ஏன் செத்தது என்று சொல்கிறேன். பிளக் முள் வைத்த மலிவு மாடல்கள் பலவற்றில் உள்ளே இருப்பது சின்ன லெட் ஆசிட் பேட்டரி. அதைத் தீர்ந்த நிலையில் சில வாரம் போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. வேலை இல்லாத மாதங்களில் ஊருக்குப் போய்விட்டு வந்து எடுத்தால் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான். அத்தோடு, அப்படிப்பட்ட பல லைட்டுகளில் 230 வோல்ட்டைப் பிரித்து நிறுத்த டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர்தான். மழை ஈரக் கையோடு சார்ஜில் இருக்கும்போது தொடவே கூடாது. அந்த வகையை மறுபடி வாங்காதீர்கள்.

நான் பென்சில் செல்லைச் சொல்வதற்குக் காரணம், அது எங்கும் கிடைக்கும் என்பதுதான். புளியன்மலையில் ஒரு பெட்டிக்கடையிலும் கிடைக்கும், பேருந்துக்குக் காத்திருக்கும்போது குமுளியிலும் கிடைக்கும். ஆனால் மூன்று வகை செல்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண கார்பன் செல் எல்இடி இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காது, சீக்கிரம் மங்கிவிடும். ஆல்கலைன் செல் நன்றாக எரியும், ஆனால் தீர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் கசிந்து லைட்டையே அரித்துவிடும். உங்களுக்குச் சரியானது சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 2,000 மில்லி ஆம்பியர்-மணி போட்டது. அதிலும் சார்ஜ் இறங்காமல் நிற்கிற வகையைக் கேளுங்கள். எனிலூப் போன்றவை ஒரு வருஷம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதிச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். கணக்கு இப்படி: 1.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி, ஆக 2.4 வாட்-மணி. 100 லூமெனில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், 30 லூமெனில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. போக வர இருபது நிமிடப் பாதைக்கு ஒரு செல் பல இரவு வரும். இன்னொரு செல் பையில் இருந்தால் கவலையே இல்லை.

பட்ஜெட் இடித்தால் முதல் மாதம் லைட்டும் இரண்டு ஆல்கலைன் செல்லும் வாங்குங்கள், சார்ஜரையும் சார்ஜ் செல்லையும் அடுத்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். இருக்கிற பணத்தை லைட்டில் போடுவதுதான் சரி.

யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் லைட்டுகளை நான் ஒதுக்கவில்லை. லயத்தில் மின்சாரம் நம்பிக்கையாக இருந்தால் அவை வசதி. செல்லைக் கழற்றி மாற்ற முடிவதாக இருக்க வேண்டும், செல்லின் மேல் ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் பதிவு இருக்க வேண்டும். டைப்-சி ஓட்டை உள்ள சில மலிவு லைட்டுகள் புதிய போன்களோடு வரும் இரண்டு முனையும் டைப்-சியான கேபிளில் சார்ஜே ஆகாது. கடையிலேயே செருகிப் பாருங்கள். ஆனால் இடி மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்குப் பென்சில் செல் லைட்டிடம் மட்டும்தான் பதில் இருக்கிறது.

போன் வெளிச்சம் போதுமா என்றால், போதாது. அது பரந்து விழுந்து நாலு அடியில் கரைந்துவிடும். ஈரக் கையில் வழுக்கும். பாம்பு கடித்தால் ஜீப்புக்குப் போன் அடிக்க வேண்டிய சார்ஜையும் அது தின்றுகொண்டிருக்கும்.

மீதி விஷயங்கள் சீக்கிரம். தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் 7 அல்லது 8 பாருங்கள். ஏழு என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ் 4 வெறும் தெறிப்புக்குத்தான். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கிற ஜூம் லைட் வேண்டவே வேண்டாம், அந்த இழுபடும் இடம் வழியாகத்தான் மழைத் தண்ணீர் உள்ளே போகும். பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் எரிந்து, கடைசியாக வைத்த வெளிச்ச அளவிலேயே மறுபடி எரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மின்னல் மாதிரி வெட்டுகிற அளவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் பாதி ராத்திரியில் எரிச்சல் வரும். இரு பக்கமும் செருகத்தக்க கிளிப் இருந்தால் தொப்பி விளிம்பில் மாட்டலாம், ஸ்டோருக்குள் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஆனால் உலர்த்தும் அறைக்குள் லைட்டை வைத்துவிட்டு வராதீர்கள், 50 டிகிரிச் சூடு எந்தச் செல்லுக்கும் நல்லதில்லை.

பையில் தானாக எரியாமல் இருக்க, பின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான அலுமினிய லைட்டுகளில் அத்தோடு இணைப்பு அறுந்துவிடும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்கு மழைக்காலம் தொடங்கும் முன் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ஊருக்குப் போகும்போது செல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பென்சில் செல் அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் செல் விற்கிறார்கள். பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. 'இதைப் போட்டால் இன்னும் நன்றாக எரியும்' என்று கடைக்காரரோ லயத்துப் பையன்களோ சொல்வார்கள். உங்கள் லைட்டின் அட்டையில் 14500 என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் தட்டிலேயே உள்ளே இருக்கும் சர்க்யூட் எரிந்துபோகலாம். நிக்கல் செல்லுக்கான சார்ஜரில் அந்த லித்தியம் செல்லை ஒருபோதும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம்.