அறுபது ‘சூப்பர்’களும் ஒரு ‘புரியல’யும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்திருக்கிறோம். பாட்டு எங்களில் ஒருவன் எழுதி இசையமைத்தது, 3 நிமிடம் 40 விநாடி. அக்கா, தங்கை இருவர் பேச்சை நிறுத்திப் பிரிந்துபோகிறார்கள், கடைசியில் ஒருத்தி திரும்பி வருகிறாள், அதுதான் கதை. பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு, அதை வைத்து என்ன மாற்றினோம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினோம். அறுபதுக்கு மேல் பதில் வந்தது. ‘சூப்பர்’, ‘வேற லெவல்’, இதய ஸ்டிக்கர், அவ்வளவுதான். ஒரே ஒருவர் மட்டும் ‘நடுவுல இழுக்குது, அந்த ரெண்டு பொண்ணும் யாருன்னே புரியல’ என்று எழுதினார். இயக்கிய நண்பன் அதிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஒருவர் சொன்னதற்காக மாற்ற வேண்டுமா? இல்லை, அறுபது பேரை நம்பி அப்படியே கொடுத்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதல் வேலையாக அந்த ஒருவருக்கு நன்றி சொல்லுங்கள். மற்ற அறுபது பேர் உங்கள் மேல் இருக்கும் பிரியத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதில் பொய் எதுவும் இல்லை, சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடியோவைப் பற்றிப் பேசியவர் அவர் மட்டும்தான். அதனால் இங்கே அறுபதா, ஒன்றா என்று எண்ணிப் பார்க்க எதுவுமே இல்லை.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். கைக்குழந்தையை நீட்டி அழகா இருக்கா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதுவும் நாலு பேர் தூக்கம் கெட்டு உழைத்தது என்று தெரிந்தவர்களிடம் கேட்கிறீர்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். பார்த்து முடித்ததும் ‘என்ன நடந்தது, எனக்குச் சொல்லுங்க’ என்று மட்டும் கேளுங்கள். கதையை அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது தானாக வெளியே வந்துவிடும். இதற்குச் சினிமா அறிவு வேண்டாம், முகத்துக்கு நேராக விமர்சிக்கிற தைரியமும் வேண்டாம், அதனால் கூச்சப்படுகிறவர்கள்கூட நன்றாகப் பேசுவார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சைக்கிள் சாவியிடம். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் குழுவின் எடிட்டில் கூட உட்கார்ந்திருந்தேன். பையன் கேட் ஓரம் நிற்கிறான், கையில் இறந்துபோன அப்பாவின் சைக்கிள் சாவி, அதை இறுக்கிப் பிடிக்கிறான், சரணம் அங்கேதான் தொடங்குகிறது. எங்களுக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்தது. ஆறு பேருக்குத் தனித்தனியாகக் காட்டினோம். ஆறு பேரில் ஒருவர்கூடச் சாவியைப் பற்றிப் பேசவில்லை. ‘யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்கான்’ என்றார்கள். டைம்லைனைத் திறந்து எண்ணிப் பார்த்தால் அந்த ஷாட் 14 ஃபிரேம், அதாவது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். படத்தின் இடது மூலையில், நிழலுக்குள் இருந்தது கை. எங்கே பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு முன்பே தெரியும், கண் தானாக அங்கே போய்விடும். முதல் தடவை பார்ப்பவரின் கண் முகத்துக்குத்தான் போகும். ஷாட்டை இரண்டு விநாடிக்கு நீட்டி, கையை நடுவுக்கு வரும்படி பெரிதாக்கி, சாவி திரும்புகிற நொடியைத் தாளத்தில் விழ வைத்தோம். அடுத்த ஆறு பேரில் ஐந்து பேர் ‘அந்தச் சாவி யாருடையது?’ என்று அவர்களாகவே கேட்டார்கள்.

உங்கள் வீடியோவிலும் இதே மாதிரி ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் அக்கா தங்கை என்பது முதல் நாள் பேப்பரில் எழுதியதிலிருந்தே உங்களுக்குத் தெரியும். திரையில் அது எந்த விநாடியில் தெரிகிறது? நடிகைகளின் வயதும் உடையும் மட்டும் அதைச் சொல்லாது. அந்த நண்பர் இரண்டு குறை சொன்னார், எனக்கு அது ஒரே குறையாகப் படுகிறது. யாரென்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக ஜன்னலோரம் நிற்பதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? நடுவில் இழுப்பதற்கான காரணம் முதல் இருபது விநாடியில் இருக்கலாம். பார்வையாளர் இடறுகிற இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார். கல் எங்கே கிடக்கிறது என்பதை நீங்கள்தான் பின்னால் போய்த் தேட வேண்டும்.

அப்புறம், மியூசிக் வீடியோவில் ‘இழுக்குது’ என்ற புகாரைக் குறும்படம் மாதிரி கையாள முடியாது. குறும்படத்தில் காட்சியை வெட்டினால் நீளம் குறையும். இங்கே பாட்டு 3:40 என்றால் 3:40தான். ஒரு ஷாட்டை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தே ஆக வேண்டும். அதனால் பெரும்பாலும் ‘இழுக்குது’ என்றால் பல்லவியில் காட்டியதையே சரணத்திலும் காட்டுகிறீர்கள், புதிதாக எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். இதில் இன்னொரு சிக்கல், பாட்டு நன்றாக இருந்தால் வீடியோவின் குறைகளை அது மூடிவிடும். இரண்டு பேருக்காவது சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். பாட்டு இல்லாமல் வெறும் படம் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எத்தனை பேருக்குக் காட்டுவது? ஐந்தாறு பேர் போதும், ஆனால் அவர்களை வீணாக்காதீர்கள். ஒரு தடவை பார்த்துவிட்டவர் மறுபடியும் முதல் தடவையாகப் பார்க்கவே முடியாது. அறுபது பேரை ஒரே நாளில் செலவழித்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் வருத்தம். இனிமேல் மூன்று மூன்று பேராக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேர், ஒரு திருத்தம், அடுத்த மூன்று பேர். ஒருவராவது உங்களைத் தெரியாதவராக இருக்கட்டும், ஒருவர் இந்த மாதிரிப் பாட்டே கேட்காதவராக இருக்கட்டும். முன்னுரை எதுவும் வேண்டாம், ‘இன்னும் கலர் பண்ணல’, ‘இது ரெண்டு அக்கா தங்கச்சி கதை’ என்று ஆரம்பித்தால் அந்தப் பார்வையாளர் போய்விட்டார். ஒன்றாக உட்கார வைத்தால் பேசும் முன் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதலில் வாய் திறப்பவர் பக்கமே எல்லோரும் சாய்வார்கள். பார்க்கும்போது திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். போனில் பார்க்கிறவரின் கட்டைவிரல் எந்த விநாடியில் திரைக்குப் போகிறது, எங்கே தலை தாளத்துக்கு ஆடுவது நிற்கிறது, இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தை வீடியோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கூகுள் ஃபார்மில் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். 1932-ல் லிக்கர்ட் என்ற உளவியலாளர் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோலின் சாயல் அது, மனப்போக்கை அளக்க நல்ல கருவி. ஆனால் பத்துப் பேரில் ஐந்து பேர் 5 போட்டு, ஐந்து பேர் 1 போட்டால் சராசரி 3 வரும். அந்த 3 யாருடைய மனதிலும் இல்லை. மதிப்பெண் கேட்டால் கூடவே ‘எந்த இடத்துக்காக?’ என்றும் கேளுங்கள்.

லிப் சிங்க் பற்றி, அதாவது உதட்டசைவு பாட்டோடு ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால் மட்டும் வாதம் செய்யாமல் உடனே சரிபாருங்கள். சத்தம் உதட்டை முந்தினால் ஏறக்குறைய 45 மில்லி விநாடியிலேயே கவனித்துவிடுகிறார்கள், பிந்தினால் ஏறக்குறைய 125 வரை கவனிப்பதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை சொல்கிறது. மின்னலுக்குப் பின்தான் இடி என்று பழகிய காதுதானே. விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி, சத்தம் இரண்டு ஃபிரேம் முந்தினாலே போதும். ஆனால் முதலில் அவர் எதில் கேட்டார் என்று விசாரியுங்கள், சில ப்ளூடூத் ஹெட்செட்டில் சத்தமே தாமதமாகத்தான் வரும்.

சரி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் சொன்னது, படைப்பவர் வைக்கிற அர்த்தத்தைப் பார்ப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பாதி ஏற்றுப் பாதி தன் வழியில் திருப்பிக்கொள்ளலாம், முழுக்க எதிர்த்தும் வாசிக்கலாம். உங்கள் இரண்டு பெண்களைத் தோழிகள் என்று நினைத்துக்கொண்டு, பிரிவின் வலியை ஒருவர் முழுக்க உணர்ந்திருந்தால் அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். யாரென்றும் தெரியாமல், வலியும் வராமல் போனால் அது உங்கள் கையில் இருக்கிற வேலை. ‘கடைசியில அவ திரும்பி வரக்கூடாது’ என்று ஒருவர் சொன்னால், அது அவர் எடுக்க வேண்டிய வீடியோ. நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆசிரியரிடம் கொடுக்கும் குறிப்பில் ‘60 பேருக்குப் பிடித்தது’ என்று எழுத வேண்டாம். யார் எந்த விநாடியில் என்ன சொன்னார், நீங்கள் எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்ற மறுத்தீர்கள், இதை எழுதுங்கள். மறுத்ததற்கான காரணத்தை எழுதும்போதுதான் அந்த வீடியோவில் உங்களுக்கு எது முக்கியம் என்று உங்களுக்கே தெளிவாகும்.

உங்கள் இயக்குநர் நண்பனிடம் சொல்லுங்கள், ஒருவர் 3 நிமிடம் 40 விநாடி முழுக்கப் பார்த்து, எங்கே தொலைந்தேன் என்று நேரம் எடுத்து எழுதியிருக்கிறார். அவன் வேலையை அவ்வளவு மதித்தவர் அவர். இப்போதைய எடிட்டை அழிக்காமல் தனிப் பெயரில் வைத்துவிட்டு, முதல் இருபது விநாடியை மட்டும் மாற்றி, உங்களைத் தெரியாத மூன்று பேருக்குக் காட்டுங்கள். அவனும் பக்கத்தில் இருக்கட்டும், வாய் மட்டும் திறக்கக் கூடாது. அந்த மூன்று பேரும் இரண்டு பெண்களையும் யார் என்று சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா