குளிசைக்குள் இருக்கும் வளையங்கள்: வாசகர் கேள்வி-பதில்

மருந்து கண்டுபிடிப்பவர்கள் ஏன் பல்லின வளையச் சேர்வைகளையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள்? (மாணவி, வந்தாறுமூலை)

அணுக்கள் கோர்த்த வளையத்தில் காபனோடு நைதரசன், ஒட்சிசன், கந்தகம் என்று வேறோர் அணுவும் சேர்ந்தால் அதுதான் பல்லின வளையம் தங்கச்சி. அதனால் அந்த மூலக்கூறுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. நொதியத்தோடு ஐதரசன் பிணைப்பு போடலாம், உலோக அயனைப் பற்றலாம், நீரில் கரையும் அளவும் மாறும். பிரஷருக்குக் கொடுக்கும் லொசார்ட்டானைப் பாருங்கள். ஆய்வின்போது காபொட்சிலிக் என்ற அமில அணுக்கூட்டத்தை எடுத்துவிட்டு நான்கு நைதரசன் கொண்ட டெற்றசோல் வளையத்தை வைத்தார்கள். அமிலத்தன்மை அப்படியே இருந்தது, வாயால் எடுக்கும்போது வீரியம் கூடியது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறுமூலக்கூறு மருந்துகளில் 59 சதவீதத்தில் நைதரசன் வளையம் இருப்பதாக 2014 இல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது.

கணவருக்குச் சிறுநீர்த் தொற்று. சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தந்தார்கள், தயிரோடு எடுக்க வேண்டாம் என்றார்கள். அவருக்கு எருமைத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. (களுவாஞ்சிகுடி)

சொன்னது சரி அம்மா. இந்த மருந்தின் குயினோலோன் வளையத்தில் பக்கம்பக்கமாக இரண்டு ஒட்சிசன் கூட்டங்கள் உண்டு. அவை உலோக அயனை இடுக்கிபோலக் கவ்வும். பற்றீரியாவின் நொதியத்தில் மகனீசியத்தைக் கவ்வித்தான் மருந்தே வேலை செய்கிறது. அதே இடுக்கி தயிரிலுள்ள கல்சியத்தையும் கவ்விக்கொண்டால், மருந்து குடலிலேயே மாட்டிக்கொள்ளும், இரத்தத்துக்குப் போகும் அளவு குறையும். தயிரை விடச் சொல்லவில்லை, நேரத்தைப் பிரியுங்கள்: தயிருக்கு 2 மணித்தியாலம் முன்னர், அல்லது 6 மணித்தியாலம் பின்னர் குளிசை. இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கும் வயிற்றெரிவுப் பாணிக்கும் இதே விதிதான். அரைகுறையாகச் சேரும் நுண்ணுயிர்க்கொல்லி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

இந்தக் குயினோலோன் குடும்பத்தின் மூத்தது 1962 இல் வந்த நலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரித்தபோது கிடைத்த பக்கவிளைபொருளிலிருந்து பிறந்தது அது.

உம்மா தன் பிரஷருக்கான நிபெடிபின் குளிசைகளை உறையிலிருந்து பிரித்து, ஜன்னலோரம் கண்ணாடிப் போத்தலில் போட்டு வைக்கிறா. பரவாயில்லையா? (காத்தான்குடி)

வேண்டாம். அதன் டைஹைட்ரோபிரிடின் வளையம் வெளிச்சம் பட்டால் ஐதரசனை இழந்து வெறும் பிரிடின் வளையமாகிவிடும். அப்புறம் பிரஷர் குறையாது. எடுக்கும் நேரம்தான் உறையைப் பிரிக்க வேண்டும். உதிரியாகக் கிடைத்தால் வெளிச்சம் புகாத, மூடியுள்ள போத்தல்.

பனடோலிலும் பல்லின வளையம் உண்டா? (வாழைச்சேனை)

இல்லை. அதில் இருப்பது காபன் மட்டுமே கொண்ட பென்சீன் வளையம். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போமினில் வளையமே கிடையாது.

வயல் வேலை செய்கிறேன். தொடை இடுக்கில் படர்தாமரை. கடையில் வாங்கிய கிறீமைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்குது, பிறகு முன்னரைவிடப் பரவுது. (அக்கரைப்பற்று)

ஐயா, முதலில் அந்தக் கிறீமின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். குளோற்றிமசோலோடு பீற்றாமெதசோன் அல்லது குளோபெற்றசோல் என்றும் எழுதியிருக்கிறதா? அவை ஸ்டீரொயிட். அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், தோலின் எதிர்ப்பையும் அடக்கும், பங்கசுக்கு வழி திறந்துவிடும். உங்கள் கதை அப்படித்தான் தெரிகிறது. பூசுவதை நிறுத்தி, தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

குளோற்றிமசோல் மட்டும் உள்ள கிறீம் நல்ல மருந்து. அதன் இமிடசோல் வளையத்து நைதரசன், பங்கசின் நொதியத்திலுள்ள இரும்போடு பிணைந்து, அதன் மென்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரோல் உருவாகாமல் தடுக்கிறது. அதற்குக் காலம் வேண்டும். அரிப்பு நின்றவுடன் விடாதீர்கள், படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூசுங்கள். ஈரச் சாரத்தோடு இருக்க வேண்டாம்.

பங்கசுக்கான கீற்றோகொனசோல் குளிசையை நீங்களாக வாங்கி விழுங்கவே வேண்டாம். அதுவும் இமிடசோல்தான், ஆனால் ஈரலைப் பாதிக்கும் என்பதால் 2013 இல் ஐரோப்பாவில் அந்தக் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். குளிசை தேவைப்பட்டால் மற்ற மருந்துகளையும் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவரென்றால், புளூகொனசோல் என்ற பங்கசுக் குளிசை வார்பரினின் வீரியத்தைக் கூட்டி இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். அதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.