சென்னைப் புறநகரில் பழைய வீடு வாங்கிக் குடியேறுவது: கேள்வி பதில்

தாம்பரம், குரோம்பேட்டை, அம்பத்தூர், ஆவடி பக்கங்களில் பழைய தனி வீடுகளைப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று சொல்வதும், தேறியதைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். குடும்பத்தோடு சென்னைக்கு மாறி வருபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் மன்னிக்கவும். தெருவுக்குத் தெரு மாறுகிற ஒன்றை எழுதி யாரையும் தப்புக்கணக்குப் போட வைக்க விரும்பவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: கணவருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் உடன் வருகிறார். பழைய தனி வீடு வாங்கிச் சரிசெய்து கொள்ளலாம் என்று எண்ணம். எந்த ஏரியா நல்லது சார்?

ஏரியாவைப் பார்த்து வீடு வாங்காதீர்கள் அம்மா, தெருவைப் பார்த்து வாங்குங்கள். தென்சென்னைப் புறநகர் முழுக்க ஒன்றுக்கொன்று தொடர்புள்ள ஏரிகள் இருந்த நிலம். ஒன்று நிரம்பினால் உபரிநீர் அடுத்ததற்குப் போகும். கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் சுற்றிலும் வீடுகள் எழும்பிவிட்டன. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மூழ்கின. ஆனால் இதே ஊர்களில் கால் நனையாத தெருக்களும் உண்டு. பேர் பெற்ற ஏரியாவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவும் உண்டு.

சோழிங்கநல்லூர் வேலைக்கு நான் முதலில் தேடச் சொல்வது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம். பழைய மனைப்பிரிவுகள், தனி வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. மேடவாக்கம் வழியாக வேலைக்குப் போய்விடலாம், தாம்பரம் ரயில் நிலையமும் கிட்டத்தில். மேடவாக்கம் சந்திப்பில் காலை நெரிசலை ஒரு திங்கட்கிழமை நீங்களே போய் அனுபவித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தெருவுக்குள் போனதும் வீட்டைப் பார்க்கும் முன்பு காம்பவுண்டுச் சுவர்களைப் பாருங்கள். வெள்ளம் நின்ற தெருவில் ஒரே மட்டத்தில், வீட்டுக்கு வீடு தொடர்ந்து, பழுப்புக் கோடு ஒன்று ஓடும். புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் அது மறைந்திருக்கும், எதிர்வீட்டில் இருக்கும். ஈபி மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றியிருக்கிறார்களா? கேட்டுக்குக் குறுக்கே செங்கல் வைத்து அரையடித் தடுப்பு கட்டியிருக்கிறார்களா? சம்ப்பின், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின், வாயை உயர்த்தியிருக்கிறார்களா? நாலு வீட்டில் இது இருந்தால் யாரையும் கேட்கவே வேண்டாம். கேட்பதானால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள்.

அப்புறம் ரோட்டு மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், 30 வருஷத்துக்கு முன் ரோட்டைவிட இரண்டடி உயரத்தில் கட்டிய வீடு இன்று ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது. வீட்டு வாசல்படி ரோட்டைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

முடிந்தால் முதல் வருஷம் அந்த ஏரியாவிலேயே வாடகைக்கு இருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே கழித்தவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

திருச்சியிலிருந்து: பள்ளி முதலா, வீடு முதலா?

பள்ளி. வீட்டு வேலை சொன்ன தேதியில் முடியாது, சேர்க்கை காத்திருக்காது.

பெங்களூருவிலிருந்து: குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி மனை) 1980-களில் கட்டிய வீடு. குளியலறையிலும் ஒரு பெட்ரூமிலும் மேல்தளத்தின் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. "பூசி விட்டால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பூசினால் சரியாகாது. அந்தக் காலத்தில் பல வீடுகளில், கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல், காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட் மேலேயே கம்பியைப் படுக்க வைத்துக் காங்கிரீட் போட்டார்கள். கம்பிக்குக் கீழே அரை அங்குலம்கூட மூடல் இருக்காது. உப்பான போர்வெல் தண்ணீரில் காங்கிரீட் கலந்து, அதையே ஊற்றி நனைத்து இறுக விட்ட (க்யூரிங்) வீடுகளும் உண்டு. மேலே மொட்டை மாடியில் பதித்த ஓடு (தட்டோடு) வெடித்து மழைநீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசினால் துரு உள்ளே தொடர்ந்து ஓடும், இரண்டு மழைக்குள் பூச்சும் சேர்ந்து விழும்.

ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். மேல்தளத்தில் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல காங்கிரீட் 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பரணுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே யாரும் பெயின்ட் அடித்து மறைப்பதில்லை. வட்டங்கள் குளியலறை, சன்ஷேடு, பால்கனியோடு நின்றால் பயப்பட வேண்டாம். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் கட்டலாம். தேய்த்த பிறகு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். ஹாலின் நடுவிலும் பெட்ரூம் நடுவிலும் வட்டங்கள் நிறைந்தால், அது இடிக்க வேண்டிய வீடு. மனைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

விற்பனைக்கு வந்த பழைய வீட்டில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

வாசல்படி அளவு எழுதவில்லையே? அதையும் அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து: வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம் அண்ணே, சுத்தமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க தம்பி. வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். பதிவு செய்யாத ஒப்பந்தம், பதிவாகாத உயில், வாரிசுகள் கேட்கும் பங்கு எதுவும் அதில் தெரியாது. மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாக வக்கீல் பார்க்க வேண்டும். பட்டா விற்பவர் பேரில் இருக்கிறதா, சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கில் வருகிறதா, கட்டட அனுமதி வரைபடமும் நிற்கும் வீடும் ஒத்துப்போகின்றனவா, எல்லாம் பார்க்கணும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு என்றால், வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

பத்திரம் பற்றி இன்னும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில். நான் கட்டடத்துக்கு ஆள், காகிதத்துக்கு வக்கீலிடம் போங்கள்.

சேலத்திலிருந்து: கையில் 25 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்குப் போதுமா?

போதாது. ஒரு கோடி வீட்டுக்கு 75 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்காது; அதற்கு மேற்பட்ட கடனுக்கு வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்குப் போடும் மதிப்பில். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் உங்கள் கைக்காசு. அதற்கு மேல் மராமத்துச் செலவு. உங்கள் 25 லட்சம் வீட்டைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். இன்னும் சிறிய வீடாகப் பாருங்கள்.

தோஹாவிலிருந்து: விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர். வரி பிடிக்க வேண்டுமா?

ஆம். உள்ளூர்க்காரருக்கு உள்ள 1 சதவீதக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பணம் கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

மடிப்பாக்கத்தில் வீடு பார்த்திருப்பவர்: வீடு ரோட்டைவிட இரண்டடி கீழே. மற்றபடி நல்ல வீடு. ஜாக்கி வைத்து நாலடி தூக்கித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கித் தூக்கிவிடலாமா?

தூக்க முடியும். சுவருக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, இரும்புச் சேனல் செருகி, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். உயர்ந்த இடைவெளியில் செங்கல் கட்டி நிரப்புவார்கள். ஆனால் நீங்கள் இன்னும் வாங்கவே இல்லை. தூக்கியே ஆக வேண்டிய வீட்டை எதற்கு வாங்குகிறீர்கள்? வேறு பாருங்கள்.

கொளத்தூரிலிருந்து: எங்கள் வீட்டைத் தூக்கினோம். ஒரு விரிசல்கூட இல்லை. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

உங்கள் வீடு நன்றாக இருப்பதில் சந்தோஷம். பிறந்து வளர்ந்த வீடு, விட்டுப் போக மனமில்லை என்பவர்கள் தூக்குவதை நான் தடுத்ததில்லை. வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்று, தூக்குபவர் சொல்லும் தொகை தூக்குவதற்கு மட்டும். தரை முழுக்க மண் நிரப்பிப் புதிதாக டைல்ஸ், குழாய் இணைப்புகள், கழிவுநீர் லைன், படிகள், போர்ட்டிகோ, கேட் எல்லாம் தனி. வீடு உயர்ந்தாலும், மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அதில்தான் இறங்க வேண்டும்.

நங்கநல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற பொறியாளர்: தூண் இல்லாமல் சுவரே பாரத்தைத் தாங்கும் வீடுகளுக்கு ஜாக்கி வைத்துத் தூக்குவது சரியான முறைதான். இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிச்சம். ஒரேயடியாக ஒதுக்குவது நியாயமில்லை.

ஐயா, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கெட்டியான கடைக்கால், ஒரே மாடி என்றால் உங்கள் பேச்சை ஏற்றுக்கொள்கிறேன். என் கவலை, தூக்கும் முன் மண்ணையும் கடைக்காலையும் யாரும் பார்ப்பதில்லை என்பது. களிமண் இடங்களில் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணில் கடைக்கால் ஏற்கெனவே அசைந்திருக்கும். பழைய கடைக்காலுக்கும் தூக்கிய சுவருக்கும் நடுவே புதிதாக நாலடிச் செங்கல் வருகிறது. அங்கே சுவரைச் சுற்றிக் கம்பி வைத்த காங்கிரீட் பெல்ட் போட்டுக் கட்டுங்கள் என்றால் செலவு கூடும் என்று தவிர்த்துவிடுகிறார்கள். தூண் வைத்த ஆர்சிசி வீட்டில் தூணையே அறுக்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் அதைச் செய்வதற்கு நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன். இவ்வளவும் சரியாகச் செய்தால் மிச்சம் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் ஐயா.

மடிப்பாக்கத்துக்காரர் மறுபடி: சரி, தூக்க வேண்டாம். உள்ளே தரையை மட்டும் இரண்டடி ஏற்றினால்?

பத்தடி உயர அறை எட்டடியாகும். தேசியக் கட்டட விதிப்படி வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி வேண்டும். ஓரடிக்கு மேல் ஏற்ற உங்களுக்கு இடமில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் குள்ளமாகும். இதைவிட முக்கியம், பேஸ்மென்ட் (தரைக்குக் கீழுள்ள அடித்தள மேடை) மட்டத்தில் சுவருக்குள் ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு பட்டை போட்டிருப்பார்கள். நீங்கள் நிரப்பும் மண் அந்தப் பட்டைக்கு மேலே சுவரை ஒட்டி நிற்கும். ஈரம் பட்டையைத் தாண்டிச் சுவருக்குள் போய்விடும். உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும் பாதி வீடுகளின் கதை இதுதான். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் நிரப்பும் முன்பு சுவரின் உட்புறத்தில் புது மட்டம் வரை வாட்டர்ப்ரூஃபிங் செய்யுங்கள்.

ஜாக்கி பற்றி மேலும் வந்த கேள்விகளுக்கு மேலே உள்ளதுதான் பதில்.

போரூர் நல்லதா? பெருங்களத்தூர் நல்லதா? ஆவடி எப்படி? (பலர்)

முதல் பதிலைப் படியுங்கள். தெருப் பெயரும், வாசல்படி ரோட்டைவிட எத்தனை அங்குலம் மேலே என்பதும் இல்லாமல் வரும் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

ஈரோட்டிலிருந்து: தெற்குப் பார்த்த வீடு பரவாயில்லையா?

வாஸ்து என் துறை இல்லை.

நாகர்கோவிலிலிருந்து: தண்ணீர் எப்படி?

போர்வெல்லை ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். கடற்கரைப் பக்கம் உப்பு, வேறு சில இடங்களில் இரும்பு. மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2019 கோடையில் அந்தத் தெரு எப்படிச் சமாளித்தது என்று கேட்டால் முழுக் கதையும் வந்துவிடும். மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மாடிக் குழாய் அதில் வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து: வீடு வாங்கிவிட்டோம், வாசல்படி ரோட்டைவிட 22 அங்குலம் மேலே. குடியிருந்துகொண்டே வேலை பார்க்கலாமா? சின்னப் பையனுக்கு வீசிங் உண்டு.

அளவு எழுதியதற்கு நன்றி. முதலில் மாடித்தளம்: தட்டோடு, ஒழுகல், மேல்தளக் கம்பி. இது முடியாமல் கீழே எதையும் தொடாதீர்கள். அடுத்து குழாயும் வயரிங்கும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை முழுதாக மாற்றுங்கள், எர்த் சரிபார்த்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுங்கள். பிறகு பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். மாடி வேலையின்போது, உள்ளே கொத்தும் வேலை இல்லாத வரை கீழே இருக்கலாம். மேல்தளம் கொத்தும்போதும், சுவர் வெட்டும்போதும், டைல்ஸ் அறுக்கும்போதும் பையன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இந்த வேலைகளை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, அத்தனை நாளும் அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். தூசி அடங்கி, பெயின்ட் வாடை போன பிறகு கூட்டி வாருங்கள்.